ஃபியூஸ் இருந்த இடம்

அன்று காலை பரமசிவத்தின் பட்டு மாளிகைக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் இருந்தேன், நீ இல்லை என்று யாரும் பேச இடம் வைக்கக் கூடாது. பரமசிவம் இருந்தார், அந்த வீட்டுப் புடவைகளில் குத்தும் முத்திரை அவருடைய தகப்பனார் பெயர். அவர் மகன் சிவராஜ் இருந்தான். மருமகள் புவனேஸ்வரி சரிகை அலமாரியை ஒட்டி நின்றாள். எதிரே, உட்காரச் சொல்லியும் உட்காராமல், வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் ஜாஹிர். நாற்காலியில் துப்பறியும் ஏலவார்குழலி. அவளுக்குப் பக்கத்தில், வீட்டார் கொடுத்த காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, அவளுடைய உதவியாளர் அப்பாதுரை. வேறு யாரும் இல்லை. இருந்திருக்க வேண்டிய இன்னொருவன் டிரைவர் அஜித். அவன் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயோடு கிடந்தான், பேச்சு இல்லை.

முந்தாநாள் தென்னேரி ஏரிக்கரைச் சாலையில் பட்டு மாளிகையின் பிக்கப் வண்டி எரிந்து போயிருந்தது. கல்யாண வீடுகளுக்குப் புடவை எடுத்துப் போகிற வண்டி. போகிற வழியில் தறிக்காரர்களுக்குப் பாவு நூலும் சரிகையும் கொடுத்துவிட்டு வருவதும் அதே வண்டிதான். பின்பக்கத்தை மூடி, உள்ளே விளக்கும் மின்விசிறியும் வைத்து, ஓடும் கடை மாதிரி ஆக்கியிருந்தார்கள். அவற்றுக்கு வண்டி பேட்டரியிலிருந்து வீட்டுக் கரண்ட் எடுத்துக் கொடுக்கும் இன்வர்ட்டரை மாட்டியவன் ஜாஹிர். புகை கண்டதும் அஜித் ஓடிப் போகவில்லை. முதலாளி வீட்டுப் புடவை என்று பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினான். அதனால்தான் அவன் தொண்டையில் குழாய்.

"புகார் எழுதியாச்சு. அப்பா கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி," என்றான் சிவராஜ். "இன்வர்ட்டர் மாட்டினது இவன். வயர்ல இருந்துதான் தீ. இதுல துப்பறிய என்னா இருக்குது?"

"இருக்குதுபா," என்றார் அப்பாதுரை. வாலாஜாபாத் வழித்தடத்தில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவர். "டிக்கெட்டு கிழிக்கறதுக்கு முன்னாடி எங்க எறங்கணும்னு கேக்கற பழக்கம் எனக்கு. நீ ஏறும்போதே கடைசி ஸ்டாப்புல நிக்கற."

பரமசிவத்துக்கு அந்த ஆளின் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் மகனைப் பார்த்துத்தான் கையை உயர்த்தினார். "ஆதாரம் இல்லாம நம்ம குடும்பம் எவன் மேலயும் கை நீட்டினது கிடையாது. அதுக்குத்தான் இந்த அம்மாவை வரச் சொன்னேன். தப்பு இவனோடதுதான்னு காட்டட்டும். அடுத்த நிமிஷம் கையெழுத்து போடறேன்."

"அவர் தப்பு இல்லன்னு ஆச்சுன்னா?" என்றாள் ஏலவார்குழலி.

"ஆவாது," என்றார்.

அவள் சிவராஜின் பக்கம் திரும்பினாள். "வண்டியில என்னென்ன இருந்தது?"

"கல்யாணப் புடவை. தென்னேரி தறிங்களுக்குப் பாவு. சரிகைப் பை," என்றான் சிவராஜ்.

"சரிகைப் பையை டிரைவர் பார்த்துப்பாரா?"

பரமசிவத்தின் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது. "அம்மா, சரிகை எங்க குடும்பத்து ஆள் கையைத் தவிர வேற கை படாது. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படி. பை பூட்டி இருக்கும். சாவி வீட்டு ஆள்கிட்ட இருக்கும். தறிக்காரன் வீட்டுல தெறந்து கொடுக்கறதும் நாங்கதான். வெளியாள் பையைத் தூக்கலாம், தெறக்க முடியாது. ஊருக்கே தெரியும்."

"அன்னைக்கு யார் போனது?"

"நான்தான்," என்றான் சிவராஜ். "வாலாஜாபாத்துல எறங்கிட்டேன். ஒருத்தரைப் பாக்க வேண்டியிருந்துது. பின்னாடியே வரேன்னு சொல்லி அஜித்தை அனுப்பினேன். சாவி என்கிட்டதான் இருந்துது."

அதுவரை சும்மா நின்ற ஜாஹிர் வாய் திறந்தான். "ஐயா, ஃபியூஸ் போடாம என் பட்டறையிலேர்ந்து ஒரு வண்டி வெளிய போனது இல்ல. வயரு எங்கனா அடிபட்டுதுன்னா ஃபியூஸ் போயிரும். கரண்டு நின்னுரும். எரியாது."

"எரிஞ்சுதே," என்றான் சிவராஜ்.

"அப்ப அந்த எடத்துல இருந்தது என் ஃபியூஸ் இல்ல."

ஏலவார்குழலி எழுந்துகொண்டாள். அன்று முழுவதும் அவள் துரத்தியது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

ஓரிக்கை போகிற சாலையில் ஜாஹிரின் பட்டறை. பரமசிவமும் வந்தார். தன் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். ஜாஹிரின் தாயார் நபீசா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ கொண்டுவந்து வைத்தார். பரமசிவம் ஸ்டூலில் உட்கார்ந்தார்; டீயைத் தொடவில்லை. யார் மேல் புகார் எழுதியிருக்கிறதோ அவன் வீட்டில் தொண்டையை நனைப்பது முறை இல்லை. அந்த டீயையும் சேர்த்து அப்பாதுரை குடித்தார்.

கரும்புச் சாறு விற்கிற ஒருவருடைய பிக்கப் வண்டி பாதி வேலையில் நின்றது. அதற்கும் இன்வர்ட்டர்தான். ஜாஹிர் முன்மூடியைத் தூக்கிக் காட்டினான்.

"இது பேட்டரி. இதுலேர்ந்து ஒரு சாண் தூரத்துல ஃபியூஸ் பெட்டி. கரண்டு வீட்டை விட்டுப் பொறப்பட்ட வாசல்லயே காவக்காரன் நிக்கணும். அப்புறம் இந்த வெரல் கனத்து வயரு. தகட்டுல ஓட்டை போட்டு உள்ள போற எடத்துல ரப்பர் வளையம் போடுவோம், இல்லன்னா தகடு வயரை அறுத்துரும். இன்வர்ட்டரு சீட்டுக்குப் பின்னாடி பலகை மேல, சுத்தி காத்து போற மாதிரி. அவ்வளவுதான் வேலை. மத்ததெல்லாம் பொறுமை."

ஏலவார்குழலி ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஓர் உலோகப் பட்டை, இரண்டு திருகுகளுக்கு நடுவே. மூடியின் உட்புறம் டேப் போட்டு இன்னொன்று ஒட்டியிருந்தது.

"ஒண்ணு போனா இன்னொண்ணு," என்றான் ஜாஹிர். "அதுவும் போச்சுன்னா எங்கயோ கோளாறு இருக்குது. வண்டியை என்கிட்ட கொண்டாரணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித்தான் அனுப்பறேன்."

பட்டைகளின் ஓரத்தில் ஊதா நிறப் பொட்டு ஒன்று இருந்தது. அப்பாதுரை குனிந்து பார்த்தார். "பாய், ஃபியூஸுக்கு அலங்காரம் பண்ணி புருஷன் வீட்டுக்கு அனுப்பறியா?"

"என் தங்கச்சி ஷாஹிஸ்தாவோட நகப்பூச்சு. நான் போட்டதா, வேற எவனாவது போட்டதான்னு நாளைக்குத் தெரியணும்ல."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஃபியூஸ் எனக்குப் போயிரும்."

நபீசா சிரித்தார். பரமசிவம் சிரிக்கவில்லை. ஜாஹிர் அவர் பக்கம் திரும்பினான். "ஐயா, நான் வண்டியைக் கொடுத்ததுக்கு அப்புறம் உள்ள எதுனா அடிச்சீங்களா? பலகை, கம்பி, ஸ்டாண்டு?"

பரமசிவத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. "புடவை தொங்கவிட ஒரு ஸ்டாண்டு. சிவராஜ் போன வாரம் ஆள் வெச்சு அடிச்சான்."

"ஸ்க்ரூ எந்தப் பக்கமா எறக்கினாங்கன்னு தெரியுமா?"

"ஸ்க்ரூ எண்ணறது என் வேலை இல்ல," என்றார் பரமசிவம். சொன்ன பிறகு, அந்தப் பதிலில் தான் நினைத்த அளவு கம்பீரம் இல்லையோ என்று அவருக்கே பட்டது.

எரிந்த வண்டி வாலாஜாபாத்தில் போலீஸார் காட்டிய காலி மனையில் நின்றது. கிட்டே போவதற்கு முன்பே நாற்றம் வந்தது. பட்டு எரிந்தால் தலைமயிர் பொசுங்கிய நாற்றம் வரும். பிறந்தது முதல் பட்டோடு வாழ்ந்தவருக்கு அது பிண வாடை. பரமசிவம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலி ஓரத்திலேயே நின்றுவிட்டார். அங்கிருந்து பார்த்தார். பின்பக்கம் முழுக்கக் கரி. முன்பக்கம் புகை அப்பியிருந்ததே தவிரப் பெரிதாக எரியவில்லை. ஏலவார்குழலி முன்மூடிக்குள் தலையை விட்டாள். அப்பாதுரை பின்பக்கம் ஏறி, தவழ்ந்து, எதையோ டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு இருவரும் டிரைவர் இருக்கையின் பக்கம் குடைந்தார்கள். கடைசியில் அவள் திருகு ஒன்றைக் கழற்றி, அதன் அடியிலிருந்து எதையோ நகத்தால் எடுத்து, தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அப்பாதுரையின் சட்டை அடுப்படித் துணிபோல் இருந்தது. "ஐயா, முகத்துல கரி பூசற சடங்கு எனக்கு முடிஞ்சுது. அடுத்து யாருக்குன்னு மேடம்தான் சொல்லணும்."

"என்ன கெடச்சுது?" என்றார் பரமசிவம்.

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம் ஐயா," என்றாள் அவள். "எல்லாரும் இருக்கும்போது."

அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. ஜாஹிரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். குற்றவாளி தன் கூடத்தில், தன் கண் முன்னால் தலைகுனிய வேண்டும். அதில் ஒரு முறை இருக்கிறது.

மாலை கூடத்தில் காலையில் இருந்த அதே முகங்கள். ஏலவார்குழலி தீப்பெட்டியைத் திறந்து வெள்ளைத் தாளில் கவிழ்த்தாள். கருகிய நூல் துண்டு ஒன்று விழுந்தது. ஒரு நுனி உருகி மணியாகத் திரண்டிருந்தது. மறுநுனி எதற்கோ அடியில் நசுங்கி, கருகாமல் தப்பி, இன்னும் லேசாகத் தங்க நிறம் காட்டியது.

"ஐயா, வேற வேலையா வந்த இடத்துல உங்களை ஒண்ணு கேட்கணும். இந்த ஊர்ல சரிகை பார்க்கறதுக்கு உங்களை விட்டா ஆள் இல்லன்னு சொன்னாங்க. இது எப்படிப்பட்ட சரக்கு?"

பரமசிவம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாக யாரோ அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்கள். கருகாத நுனியை எடுத்து நகத்தால் சுரண்டினார். மேல் உலோகம் சுருள் பிரிந்தது. உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும், தெரியவில்லை. மங்கலான வெள்ளைப் பருத்தி. மேசை இழுப்பறையிலிருந்து உரைகல்லை எடுத்து ஒரு தேய் தேய்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கோடு சிவந்திருந்தது.

"செம்பு," என்றார். "வெள்ளி ஒரு பொட்டு கூட இல்ல. மேல தங்க நெறம் பூசி இருக்கான். கல்யாணத்துக்குக் கட்டினா, அந்தப் பொண்ணு புள்ளை பெத்து எழுந்திருக்கறதுக்குள்ள கருத்துடும். போலி." துண்டால் கல்லைத் துடைத்தார். "இதைத் தொட்ட கை இந்த வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது."

சிவராஜ் எழுந்து ஜன்னல் ஓரம் போனான்.

"நன்றி ஐயா," என்றாள் ஏலவார்குழலி. "இது உங்க வண்டி ஃபியூஸ் பெட்டியில இருந்தது."

அவள் கைப்பையிலிருந்து இரண்டு உலோகப் பட்டைகளை எடுத்து, தாளின் மேல் வைத்தாள். இரண்டும் நடுவில் அறுந்திருந்தன. இரண்டின் ஓரத்திலும் ஊதாப் பொட்டு.

"இது ஜாஹிர் போட்ட ஃபியூஸ். இது மூடியில அவர் ஒட்டிக் கொடுத்த மாற்று. ரெண்டும் டிரைவர் பக்கத்துத் தட்டுல கிடந்தது. புடவை ஸ்டாண்டோட ஸ்க்ரூ ஒண்ணு இன்வர்ட்டர் வயருக்குள்ள நேரா இறங்கியிருக்கு. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது வண்டி உடம்போட சேர்ந்து கரண்டைக் கொட்டும். அதனால முதல் ஃபியூஸ் போச்சு. மாற்றைப் போட்டாங்க. அதுவும் போச்சு."

"ரெண்டு வாட்டி கத்தியிருக்குது," என்றார் அப்பாதுரை. இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை. "மூணாவது வாட்டி கத்தக் கூடாதுன்னு வாயைக் கட்டிட்டாங்க. சரிகையை முறுக்கி, வெரல் கனத்துக்கு இழை சேர்த்து, ரெண்டு திருகுக்கும் நடுவுல கயிறு மாதிரி. வேற ஊருன்னா கம்பியைச் சுத்துவான். காஞ்சிபுரத்துல கைக்கு எது ஆப்டுதோ அது."

அவ்வளவு கனமான முறுக்கு லேசில் அறுந்து கொடுக்காது. அறாத இடத்தில் வயர் கொதிக்கும். ஏரிக்கரை மேடு பள்ளத்தில் ஸ்க்ரூ மறுபடி தொட்டபோது கரண்டுக்கு நிற்க இடம் இல்லை. புடவைகளுக்கு நடுவே வயர் பற்றிக்கொண்டது. இதையெல்லாம் அவள் விளக்கி முடிக்கும் முன்பே பரமசிவத்துக்குப் புரிந்துவிட்டது. எழுபது வருஷம் நூலைப் பார்த்த கண். ஒரு இழை எங்கே போய் முடியும் என்று அதற்குத் தெரியும்.

"அஜித் சுத்தியிருப்பான்," என்றான் சிவராஜ். "நான் எறங்கினதுக்கு அப்புறம்."

"சரிகை அவர் கைக்கு எப்படி வந்தது?"

சிவராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் பரமசிவத்தைப் பார்த்துவிட்டு அவனிடமே சொன்னாள். "பையை வெளியாள் திறக்க முடியாதுன்னு காலையில ஐயாதான் சொன்னார். சாவி என்கிட்டதான் இருந்துதுன்னு நீங்க சொன்னீங்க."

"அது போலி சரிகைன்னு அப்பா வாயாலயே சொல்லிட்டாரே," என்றான் சிவராஜ். குரல் திடமாகத்தான் இருந்தது. "எங்க பையில போலி எப்படி இருக்கும்? வெளியில எங்கயோ வாங்கிச் சுத்தியிருக்கான். அப்பா, நம்ம பையில போலி இருக்குமா? நீங்களே சொல்லுங்க."

நல்ல கேள்விதான். பரமசிவம் உடம்பு தளர்ந்து மூச்சு விட்டார். இருக்காது. நியாயம் தன் பக்கம் திரும்பிவிட்டது என்று தோன்றியது. சொல்ல வாயெடுத்தார்.

அலமாரியின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. புவனேஸ்வரி ஒரு சரிகை நூல்கண்டை எடுத்துவந்து மாமனாரின் முன்னால், கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாமா, இதையும் பாத்துடுங்க."

"நீ உள்ள போ," என்றான் சிவராஜ்.

அவள் போகவில்லை. பரமசிவம் கண்டின் நுனியைப் பிரித்தார். நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பருத்தி. கல்லில் தேய்த்தார். பழைய கோட்டுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொரு கோடு. அவர் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. கண்டின் நடுவிலிருந்து இழுத்து, அடியிலிருந்து இழுத்து, திரும்பத் திரும்பத் தேய்த்தார். கல் முழுவதும் சிவந்தது.

"ஆடி மாசத்துலேர்ந்து தென்னேரி தறிங்களுக்குப் போவுறது இதுதான் மாமா," என்றாள் புவனேஸ்வரி. "தாமல் தறிங்களுக்கும் இப்ப ஆரம்பிச்சிட்டாரு. ஒரு வாட்டி சொல்லிப் பாத்தேன். உங்க காதுக்குப் போச்சுன்னா என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னாரு."

"யார்பா இப்ப சுரண்டிப் பாக்கறாங்க?" என்றான் சிவராஜ். "முத்திரையைப் பாக்கறாங்க, போட்டோ எடுக்கறாங்க, போறாங்க. ஊர்ல எல்லாருந்தான் பண்றாங்க."

"ஊரைப் பத்தி நான் கேக்கலை," என்றார் பரமசிவம். "அஜித்துகிட்ட என்ன சொல்லி அனுப்பின?"

சிவராஜ் தரையைப் பார்த்தான். "சரி பண்ணிட்டேன், போன்னு சொன்னேன். முகூர்த்தத்துக்குப் பொடவை போவணும். வண்டியைத் திருப்பிக்கினு இவன்கிட்ட வந்து நின்னா, ஸ்டாண்டைக் கழட்டு, சரக்கை எறக்குன்னு ஒரு நாள் போயிடும்."

"அவன் உள்ள ஏறினான்டா," என்றார் பரமசிவம். "நம்ம வீட்டுப் பட்டுன்னு நெனச்சு ஏறினான். இந்தச் செம்புக்காக."

பிறகு அவர் ஏலவார்குழலியின் பக்கம் திரும்பினார். அந்தக் குரலை அவரே அதற்கு முன் கேட்டதில்லை. "அம்மா, இது இந்தக் கூடத்தோட நிக்கட்டும். புகாரைக் கிழிச்சுடறேன். அஜித் வைத்தியம் முழுக்க என் பொறுப்பு. இந்தப் பையனுக்கும் தொந்தரவு இல்ல. முடிஞ்சுது."

அதற்குப் பதில் சொன்னது ஜாஹிர்.

"கிழிச்சீங்கன்னா எரிச்சது நான்னே ஆயிடும் ஐயா. நேத்தே ரெண்டு பேரு வேலை பாதியில இருக்கும்போது வண்டியை எடுத்துக்கினு போயிட்டாங்க. எங்கம்மா தெருவுல எறங்கலை. உங்க வீட்டுப் பேரு பெரிய பேருதான். எங்க வீட்டுக்கும் ஒரு பேரு இருக்குது."

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரமசிவத்துக்கு எளிதாக இருந்திருக்கும். வெளியே போ என்று சொல்லியிருப்பார். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பேரைப் பற்றி இதற்கு முன்னால் இந்தக் கூடத்தில் பேசியவர் அவர் ஒருவர்தான். இன்று அதைச் சொல்லும் வாய் வேறொருவனுடையதாகிவிட்டது. வேறொருவன் சொல்லிக் கேட்கும்போது அது நியாயமாக இருந்தது.

"அஜித்துக்குக் குழாயை எடுத்துட்டா அவர் பேசுவார்," என்றாள் ஏலவார்குழலி மெதுவாக. "அதுக்கு முன்னாடி பேசறதா, அப்புறம் பேசறதாங்கறது உங்க விருப்பம்."

பரமசிவம் புகாரை முன்னால் இழுத்தார். கிழிக்கவில்லை. மருமகளிடம் பேனாவும் ஒரு வெள்ளைத் தாளும் கேட்டார்.

"அப்பா," என்றான் சிவராஜ். "வீட்டு மானம்பா."

"அதைத்தான் எழுதறேன்," என்றார்.

ஒரு வாரத்துக்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, கடைத்தெருவிலிருந்து தறிக்குழி வரைக்கும் போய்விட்டது. பட்டு மாளிகைப் பெரியவர் தங்கமான மனுஷன், அத்தனை நஷ்டத்துக்குப் பிறகும் ஜாஹிரை மன்னித்து, புகாரை வாபஸ் வாங்கிவிட்டார் என்று.

அது பொய். பரமசிவம் யாரையும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி ஜாஹிர் எதுவும் செய்திருக்கவில்லை. புகார் வாபஸ் வாங்கப்படவும் இல்லை. அன்று மாலையே, வெள்ளைத் தாளில் அவர் புதிதாக எழுதிய புகார் ஸ்டேஷனில் கொடுக்கப்பட்டது, சரிகைக் கண்டும் அதோடு போனது. குற்றம் சாட்டப்பட்டவன் பெயர் சிவராஜ். தகப்பனார் பெயர் பரமசிவம். கையெழுத்தும் அவருடையதுதான்.